பெருந்துறையில் 11 சதவீதம்

குன்னூரில் இருக்கும் சித்திக்குக் கண்புரை அறுவை சிகிச்சை முடிந்து பத்து நாள் ஆகியிருந்தது. அம்மா போய்ப் பார்த்தே தீர வேண்டும் என்றார். 2023 ஆடி மாதம். தாம்பரத்திலிருந்து விழுப்புரம், உளுந்தூர்பேட்டை, கள்ளக்குறிச்சி, ஆத்தூர், சேலம், அவிநாசி, மேட்டுப்பாளையம் வழியாகக் குன்னூர் சுமார் 505 கிலோமீட்டர். பழைய டீசல் கார் இருந்தபோது இந்தப் பாதையை யோசிக்காமல் ஓட்டியிருக்கிறேன். மின்சாரக் கார் வாங்கிய பிறகு இதுதான் முதல் நீண்ட பயணம். காரில் அம்மா, மனைவி, எட்டாம் வகுப்புப் படிக்கும் மகள், நான்.

வெள்ளிக்கிழமை இரவு சாப்பாடு முடிந்ததும் 'எ பெட்டர் ரூட்பிளானர்' செயலியைத் திறந்து உட்கார்ந்தேன். சுவீடனில் உருவான செயலி. இதை உருவாக்கிய இட்டர்னியோ நிறுவனத்தை அதே 2023-ல்தான் அமெரிக்க மின்வாகன நிறுவனமான ரிவியன் வாங்கியது. கூகுள் மேப் வழி சொல்லும், நேரம் சொல்லும். இது அதற்கு மேலே போய், உங்கள் கார் எந்த ஊரில் எத்தனை சதவீதத்தோடு போய் நிற்கும், அங்கே எத்தனை நிமிடம் சார்ஜ் போட வேண்டும், எத்தனை சதவீதத்தோடு கிளம்பலாம் என்று ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் கணக்குப் போடுகிறது. மேடு பள்ளம், வேகம், வெயில், ஏற்றியிருக்கும் எடை, பேட்டரியின் தேய்மானம் எல்லாம் அந்தக் கணக்குக்குள் வருகின்றன.

மின்சாரக் கார் ஓட்டாதவர்களுக்காக ஒரு விளக்கம். கிலோவாட் மணி என்ற சொல்லைக் கண்டு பயப்பட வேண்டாம். அது நம் வீட்டு இ.பி. கார்டில் எழுதும் அதே யூனிட்தான். என் கார் நெக்ஸான் இ.வி. மேக்ஸ், பேட்டரி 40.5 யூனிட். நான்கு வழிச் சாலையில் 80-ல் நிதானமாகப் போனால் என் காருக்கு கிலோமீட்டருக்கு 140 வாட் மணி செலவாகிறது (ஆயிரம் வாட் மணி ஒரு யூனிட்). அப்படியென்றால் முழு பேட்டரிக்கு 290 கிலோமீட்டர் பக்கம். அதே கார் 100-ல் போனால் 175 வாட் மணி கேட்கும். 230 கிலோமீட்டரில் தீர்ந்துவிடும். டீசல் காரிலும் இந்த வித்தியாசம் உண்டு. அடுத்த பங்க் ஐந்து கிலோமீட்டரில் இருந்ததால் நாம் அதைக் கவனித்ததில்லை.

செயலியிடம் பொய்யான எண்ணைக் கொடுத்தால் அதுவும் பொய்யான திட்டத்தையே தரும். அதனால் முதல் மாதம் முழுக்க தாம்பரம் - திண்டிவனம் போகும்போதெல்லாம் செலவைக் குறித்து வைத்து, அந்த எண்ணைத்தான் உள்ளே போட்டேன். வேகத்தை மாற்றி மாற்றிப் பார்த்ததில் எனக்கு ஒன்று வியப்பாக இருந்தது. 80-க்குப் பதில் 100-ல் போனால் ஓட்டும் நேரத்தில் ஒன்றேகால் மணி நேரம் மிச்சம். ஆனால் 17 யூனிட்டுக்கு மேல் கூடுதலாகச் செலவாகிறது; அதை 30 கிலோவாட் சார்ஜரில், அதாவது மணிக்கு 30 யூனிட் தரும் சார்ஜரில், ஏற்ற 35 நிமிடத்துக்கு மேல் ஆகும். கூட்டிக் கழித்தால் அரை மணி நேரத்துக்குச் சற்று அதிகமான லாபம், அதுவும் எந்தச் சார்ஜரிலும் வரிசை இல்லாதிருந்தால். அம்மாவுக்கு வேகம் பிடிக்காது. 80 என்று போட்டுவிட்டேன்.

செயலி தந்த திட்டம் இது. கள்ளக்குறிச்சி வரை 210 கிலோமீட்டர். 25 சதவீதத்தோடு போய்ச் சேர்ந்து 82 வரை ஏற்றிக்கொள்ள வேண்டும். அங்கிருந்து 180 கிலோமீட்டரில் பெருந்துறை. 18 சதவீதத்தோடு போய் மறுபடி ஏற்றினால் நேராகக் குன்னூர். முதல் நிறுத்தம் காலை டிபனுக்கும் இரண்டாவது மதியச் சாப்பாட்டுக்கும் சரியாக விழுந்தன. அம்மாவுக்குச் சர்க்கரை. ஒரு மணிக்குள் சாப்பிட்டாக வேண்டும். எனக்கு அந்தத் திட்டம் மிகவும் அழகாகத் தெரிந்தது. சார்ஜரில் குறைந்தது எத்தனை சதவீதத்தோடு போய்ச் சேர வேண்டும் என்று ஓர் இடம் உண்டு. அதில் 10 என்று இருந்தது, தொடவில்லை. காற்றுக்கு ஓர் இடம் உண்டு. அதில் பூஜ்யம் இருந்தது, அதையும் தொடவில்லை.

அம்மா சமையலறையில் புளி கரைத்துக்கொண்டிருந்தார். மதியம் பெருந்துறையில் ஓட்டலிலேயே சார்ஜர் இருக்கிறது, அங்கேயே சாப்பிடலாம், எதற்குக் கட்டுச்சோறு என்று கேட்டேன். "இருக்கட்டும் கண்ணு" என்றார். பிறகு, "ஆடியில மேக்கால போறோம். காத்து மூஞ்சிக்கு நேரா வருமே, உன் வண்டி இழுக்குமா?" என்று கேட்டார். அன்னூரில் பிறந்தவர். நான் அதைக் காரின் பலத்தைப் பற்றிய கேள்வியாக எடுத்துக்கொண்டு, இந்த மோட்டாரின் இழுவிசை பற்றிப் பெருமையாக விளக்கினேன்.

காலை ஐந்து மணிக்கு 100 சதவீதத்தோடு கிளம்பினோம். கள்ளக்குறிச்சி வரை செயலி சொன்னது ஒரு சதவீதம்கூடத் தவறவில்லை. 25 என்றது, 25-ல் நின்றோம். ஓட்டலில் பொங்கலும் வடையும் சாப்பிட்டு முடித்து, மகள் வாகனம் நிறுத்துமிடத்தில் பூனையோடு விளையாடி முடிப்பதற்குள் 82 ஏறிவிட்டது. அங்கிருந்து சேலம் வரையும் குறையில்லை. சில புறவழிச் சாலைகள் இருவழியாகக் குறுகும் இடங்களில் மட்டும் கவனமாக ஓட்டினேன்.

சேலம் தாண்டி, சங்ககிரி நெருங்கும்போதுதான் முதலில் கவனித்தேன். செயலி எதிர்பார்த்ததைவிட இரண்டு சதவீதம் கீழே இருந்தோம். பவானி அருகே நான்கு. சாலையோரத்துத் தென்னைகள் எல்லாம் எங்களைப் பார்த்து வளைந்து நின்றன. லாரிகளின் தார்ப்பாய் படபடவென்று அடித்துக்கொண்டது. ஏசியைக் குறைத்தேன், வேகத்தை 65-க்கு இறக்கினேன். அம்மா ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி, முகத்தில் காற்று பட, "பாலக்காட்டுக் காத்து" என்றார். சொந்த ஊர் நெருங்கிய சந்தோஷம் அவர் குரலில் இருந்தது.

தென்மேற்குப் பருவக் காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் முட்டி மேலே ஏறும். பாலக்காட்டில் மட்டும் மலைக்கு நடுவே சுமார் 30 கிலோமீட்டருக்கு ஒரு வாசல் திறந்திருக்கிறது. அந்த வாசல் வழியாக வரும் காற்றுதான் பல்லடத்திலும் உடுமலையிலும் காற்றாலைகளைச் சுற்றுகிறது, ஈரோடு தாண்டியும் வீசுகிறது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பதைச் சிறுவயதிலிருந்து கேட்டிருக்கிறேன். அதைக் கிலோமீட்டருக்கு இத்தனை வாட் மணி என்று எண்ணிப் பார்க்க வேண்டிய நாள் வரும் என்று நினைத்ததில்லை.

எண்ணிப் பார்ப்பது எளிதுதான். கார் 80-ல் போகிறது. எதிர்க்காற்று 25-ல் வருகிறது. காற்றைப் பொறுத்தவரை கார் 105-ல் போகிறது. காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். 105-ஐ 80-ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் 1.7. அதாவது காற்றைக் கிழித்துப் போவதற்கான செலவு மட்டும் எழுபது சதவீதம் கூடிவிடுகிறது. கிலோமீட்டருக்கு 140 என்று நான் நம்பியிருந்தது 190-ஐத் தொடுகிறது. 65-க்கு இறக்கினால் 160 பக்கம் வரும். அந்த வெள்ளிக்கிழமை இரவு காற்றுக்கான கட்டத்தில் சரியான எண்ணை எழுதியிருந்தால் செயலி இதையெல்லாம் நொடியில் சொல்லியிருக்கும். அது கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை.

பெருந்துறைக்கு 12 மணி 10 நிமிடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது 11 சதவீதம். திட்டப்படி 18 இருந்திருக்க வேண்டும். பரவாயில்லை, வந்துவிட்டோமே என்று சார்ஜர் வயரின் முனையில் இருக்கும் கன்னை எடுத்துக் காரில் செருகினேன். திரையில் அசைவில்லை. சார்ஜிங் நிறுவனத்தின் செயலியில் அந்த சார்ஜர் பச்சை நிறத்தில், தயாராக இருப்பதாகக் காட்டியது. நிழலில் நின்றிருந்த செக்யூரிட்டி அண்ணன் மெதுவாக வந்து, "ரெண்டு நாளா ஓடலீங்க. கம்பெனிக்காரங்களுக்குச் சொல்லியாச்சுங்க, வரோம்னாங்க" என்றார். உதவி எண்ணுக்கு அழைத்தேன். அங்கிருந்தவர் தூரத்திலிருந்தபடியே இரண்டு முறை மறுதொடக்கம் செய்து பார்த்தார். வேலை செய்யவில்லை.

அந்தக் காலத்தில் அந்தச் சாலையில் சார்ஜர்கள் இன்று இருக்கும் அளவுக்கு நெருக்கமாக இல்லை. எனக்கு எட்டும் தூரத்தில் இரண்டு. முன்னால் செங்கப்பள்ளிப் பக்கம் சுமார் 20 கிலோமீட்டரில் ஒன்று. பின்னால் சித்தோட்டில் சுமார் 17 கிலோமீட்டரில் ஒன்று, நாங்கள் அரை மணி நேரம் முன்பு கடந்து வந்தது. செயலி முன்னால் போகச் சொன்னது: 4 சதவீதத்தோடு சேரலாம், பயணம் தாமதமாகாது. காற்றில்லாத உலகத்தில் அது சரியான யோசனை. ஆனால் அந்த 20 கிலோமீட்டரும் காற்றுக்கு எதிரே. என் கணக்கில் 2 சதவீதம்தான் மிஞ்சும். அந்த சார்ஜரும் ஓடவில்லை என்றால் நடுச்சாலை.

காற்றைப் பின்னால் வைத்துக்கொண்டால்? அதே 65-ல் போனால் காருக்கு 40-ல் போவது போல. கிலோமீட்டருக்கு 90 வாட் மணிதான் செலவாகும். 17 கிலோமீட்டருக்கு ஒன்றரை யூனிட், நாலு சதவீதம். சித்தோட்டு ஓட்டலின் எண்ணைத் தேடிப் பிடித்து அழைத்தேன். "ஓடுதுங்க, ஒரு வண்டி நிக்குது, இன்னொரு கன் காலியா இருக்குதுங்க" என்று பதில் வந்தது. வண்டியைத் திருப்பினேன். போக வேண்டிய ஊருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஓட்டுவது மனதுக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. மகள் ஒவ்வொரு இரண்டு கிலோமீட்டருக்கும் சதவீதத்தை வாசித்துக்கொண்டே வந்தாள். 10. 9. ரொம்ப நேரம் 8. சித்தோட்டில் 7.

அங்கே சார்ஜர் 60 கிலோவாட், இரண்டு கன். இன்னொரு காரும் நின்றதால் பாதிப் பாதியாகப் பிரிந்து எங்களுக்கு 30-க்கும் குறைவாகவே வந்தது. இதையும் திட்டமிடுகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்: பலகையில் 60 என்று எழுதியிருந்தால் அது இரண்டு கன்னுக்கும் சேர்த்து இருக்கலாம். 85 ஏறுவதற்கு ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. ஓட்டலில் பந்திக்கு இடமில்லை. மணி 12.50. அம்மா தூக்குவாளியைத் திறந்தார். வேப்ப மரத்தடியில் நால்வரும் புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் சாப்பிட்டோம். பக்கத்துக் காரில் கோவைக்குப் போய்க்கொண்டிருந்த கணவன் மனைவிக்கும் கொடுத்தார்.

அந்த மரத்தடியில்தான் எனக்கு அது புரிந்தது. சார்ஜரில் குறைந்தது 10 சதவீதத்தோடு சேர வேண்டும் என்ற எண்ணை, பேட்டரி வற்றிவிடாமல் இருப்பதற்கான எல்லை என்று நினைத்திருந்தேன். அம்மா கட்டிய சோற்றைப் போல அதைப் பார்க்க வேண்டும். ஓட்டல் இருக்கும் என்று தெரிந்தும் கட்டி எடுத்துப் போவது, ஓட்டல் மூடியிருந்தால் என்ன செய்வது என்பதற்காக. சார்ஜர் பழுதாகி இருந்தால் அங்கிருந்து அடுத்ததற்கோ முந்தையதற்கோ போய்ச் சேரத் தேவையான மின்சாரம்தான் அந்த எண். அப்படியானால் அது எல்லா ஊருக்கும் ஒன்றாக இருக்க முடியாது. சார்ஜர்கள் பத்து கிலோமீட்டருக்கு ஒன்றாக இருக்கும் இடத்தில் 10 தாராளம். அடுத்தது 35 கிலோமீட்டர் தள்ளி, அதுவும் எதிர்க்காற்றில் என்றால் 25-க்குக் கீழே போவது தப்பு. இதைச் செயலி தானாகச் செய்யாது; ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் நான்தான் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

பெரிய பேட்டரி உள்ள கார் வாங்கினால் இந்தக் கவலையே இல்லை என்று நண்பர்கள் சொல்வார்கள். ஓரளவு உண்மை. ஆனால் பெரிய பேட்டரிக்காரரும் கடைசி நிறுத்தத்துக்கு 11 சதவீதத்தோடு வந்தால் அதே செக்யூரிட்டி அண்ணனிடம்தான் பேச வேண்டியிருக்கும்.

மதியம் இரண்டரைக்குச் சித்தோட்டை விட்டோம். அவிநாசி, அன்னூர் வழியாக மேட்டுப்பாளையம் வந்தபோது 46 சதவீதம். அன்னூரில் அம்மா தான் படித்த பள்ளி இருந்த தெருவைக் காட்டினார். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் 33 கிலோமீட்டர்தான். ஆனால் 1500 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும், 14 கொண்டை ஊசி வளைவுகள். கார், ஆட்கள், பெட்டிகள் எல்லாம் சேர்த்து 1700 கிலோ. அதை அவ்வளவு உயரத்துக்குத் தூக்குவதற்கு மட்டும் இயற்பியல் கணக்குப்படி 7 யூனிட். மோட்டாரில் வீணாவதையும் சேர்த்தால் 8. அதன்மேல் ஓட்டச் செலவு, மெதுவாக ஏறுவதால் வழக்கத்தைவிடக் கொஞ்சம் குறைவாக. சமதளத்தில் 33 கிலோமீட்டருக்கு 11 சதவீதம் ஆகும் இடத்தில் மலையில் 27 ஆகும். செயலி இதைத் துல்லியமாகச் சொல்லியிருந்தது. பர்லியாறு தாண்டும்போது கைபேசி சிக்னல் போய்விட்டது. சதவீதம் மட்டும் சொன்னபடியே இறங்கிக்கொண்டு வந்தது. குன்னூர் வாசலில் 19. இந்த ஒரு விஷயத்தில் செயலியை முழுமையாக நம்பலாம். மலை எங்கும் நகர்வதில்லை, காற்றைப் போல மாதத்துக்கு மாதம் மாறுவதும் இல்லை.

சித்தி வீட்டில் வென்னீர் ஹீட்டருக்கென்று ஒரு 15 ஆம்ப் பிளக் இருந்தது. சித்தப்பாவிடம் முன்கூட்டியே கேட்டு, ஓர் எலெக்ட்ரீஷியனை வைத்து எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லியிருந்தேன். சொந்தக்காரர் வீடுதானே என்று கேட்காமல் செருகிவிடக் கூடாது. விடிய விடியத் தொடர்ந்து மின்சாரம் இழுக்கும் சாதனம் அது. இரவு முழுக்க ஏற்றினால் 20 யூனிட் ஏறும். பணம் கொடுக்கப் போனேன், சித்தி திட்டினார்.

அங்கே நான் 80-க்கு மேல் ஏற்றவில்லை. பலரும் மலையிலிருந்து கிளம்பும்போது 100 வைத்துக்கொண்டு கிளம்புகிறார்கள். இறக்கத்தில் மோட்டாரே டைனமோ போல மாறி, சக்கரத்தைப் பிடித்து நிறுத்தியபடி பேட்டரியை நிரப்பும். பேட்டரி ஏற்கெனவே நிறைந்திருந்தால் அந்த மின்சாரத்துக்குப் போக இடமில்லை. அந்தப் பிடிப்பும் குறைந்துவிடும். முழு இறக்கத்தையும் பிரேக்கால் சமாளிக்க வேண்டிவரும். அது பணத்தைப் பற்றிய விஷயம் மட்டுமில்லை, பாதுகாப்பைப் பற்றியது. நாங்கள் 80-ல் கிளம்பி மேட்டுப்பாளையம் வந்தபோது 87 இருந்தது. மகளால் அதை நம்ப முடியவில்லை. ஓடினால் ஏறும் சார்ஜ் என்று ஸ்கூலில் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள் என்றாள்.

அதற்குப் பிறகு இந்தப் பாதையில் நான்கு முறை போய்விட்டேன். திட்டமிடும் முறை கொஞ்சம் மாறியிருக்கிறது. செயலியில் பாதையைப் போட்டதும், அது சொல்லும் ஒவ்வொரு சார்ஜரையும், மின்வாகனம் ஓட்டுகிறவர்கள் தங்கள் அனுபவத்தை எழுதும் பிளக்ஷேர் செயலியில் தேடி, கடைசியாக யார் எப்போது வெற்றிகரமாக ஏற்றினார்கள் என்று பார்க்கிறேன். மூன்று நாளுக்குள் ஒருவராவது எழுதியிருந்தால் நம்பிக்கை வருகிறது. பிறகு அந்த ஓட்டலுக்கே போன். பச்சை விளக்கைவிட அங்கே வேலை செய்கிறவரின் வாய்ச்சொல் எனக்குப் பெரிது. சார்ஜர்கள் இருக்கும் இடத்தைக் காட்டும் அரசின் 'ஈவி யாத்ரா' செயலியையும் திறந்து பார்ப்பேன். சார்ஜிங் நிறுவனங்களின் ஏழு செயலிகள் என் கைபேசியில் இருக்கின்றன, ஒவ்வொன்றின் வாலட்டிலும் கொஞ்சம் பணம். சார்ஜர் முன்னால் நின்றுகொண்டு ஓ.டி.பி.க்காகச் சிக்னல் தேடக் கூடாது என்பதற்காக அதை வீட்டிலேயே செய்துவிடுகிறேன். இத்தனை செயலிகளும் ஒன்றாக வேண்டும் என்பது என் ஆசை. யு.பி.ஐ. வந்த நாட்டில் இது முடியாத காரியமில்லை.

நானாக இருந்தால் பயணத்தைப் பற்றிய குறிப்புகளை நோட்டில் எழுதியிருக்க மாட்டேன். மகள் எழுதுகிறாள். எந்த ஊர், எத்தனை சதவீதம், காற்று எந்தப் பக்கம், கழிவறை எப்படி. கழிவறை பற்றிய பத்தி என் மனைவியும் அம்மாவும் சேர்ந்து சொல்லச் சொல்ல அவள் எழுதியது. முக்கால் மணி நேரம் நிற்கப்போகும் இடத்தில் பெண்களுக்குச் சுத்தமான கழிவறை இருக்கிறதா என்பது எந்தத் திட்டச் செயலியிலும் முதலில் வர வேண்டிய தகவல். எட்டுப் பத்து நிமிடம் கூடுதலாக ஆனாலும் அந்த நோட்டில் நல்லபடி எழுதியிருக்கும் இடத்தில்தான் நிற்கிறோம்.

அந்த முதல் பயணத்திலிருந்து திரும்பும்போது ஆடிக் காற்று எங்களுக்குப் பின்னால் இருந்தது. மேட்டுப்பாளையத்தில் நிறுத்தி, காற்றுக் கட்டத்தில் இந்தமுறை எண் எழுதினேன். சேலத்தில் நிற்கச் சொல்லியிருந்த திட்டம் கலைந்து ஆத்தூர் வரை நீண்டது. 24 சதவீதத்தோடு போய் நின்றோம். அங்கிருந்து முன்னாலும் பின்னாலும் எந்த சார்ஜருக்கும் போக அது போதும். கன்னைச் செருகியதும் எண் ஏறத் தொடங்கியது. சித்தி கட்டிக்கொடுத்த எலுமிச்சை சாதத்தை அம்மா பின்சீட்டிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தார்.